சிப் வைப்பவரே சாட்சி

(கொள்ளேகாலில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் மைக்ரோசிப் வைக்க யாரை அனுமதிக்கலாம் என்பது இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். தலைப்பைச் சொன்னதும் அறக்கட்டளைப் பொறுப்பாளர்களில் ஒருவர், “ஐயா, இது பட்டு நெய்கிற ஊர். கிழக்கே போனால் மலையும் மாடும்தான். சிப்பெல்லாம் பெங்களூர்க்காரர்கள் பேச்சல்லவா?” என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

கொள்ளேகால் எல்லையோர ஊர். 1956 நவம்பர் முதல் தேதிவரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டம், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். கோடு மாறினாலும் மக்களின் போக்குவரத்து மாறவில்லை. மார்த்தள்ளியில் இன்றும் தமிழ்தான் வீட்டுமொழி. பாலாறு வழியாக மேட்டூருக்கும், ஆசனூர் வழியாகச் சத்தியமங்கலத்துக்கும் ஆட்கள் போகிறார்கள், மாடு போகிறது, மாட்டுப்பட்டியோடு நாயும் போகிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு விலங்கு யாருடையது என்பது வீட்டுக்குள் முடிந்துபோகும் விஷயமாக இருப்பதில்லை.

2025 ஜூன் மாதத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மாதேஸ்வர மலைச் சரணாலயத்தின் ஹூக்கியம் சரகத்தில் ஒரு பெண்புலியும் அதன் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்தன. புலி அடித்த மாட்டின் உடலில் விஷம் வைக்கப்பட்டிருந்தது. அடுத்த மாதமே, தமிழ்நாட்டு மாடுகள் இந்த மலைக்காட்டில் மேய வரக் கூடாது என்று கர்நாடக வனத்துறை அமைச்சர் உத்தரவிட்டார். அந்த உத்தரவு சரியா தவறா என்று நான் இங்கே வழக்காட வரவில்லை. காட்டுக்குள் நின்றுகொண்டு ஒரு மாட்டைப் பார்த்து, இது எந்தப் பக்கத்து மாடு, யார் வீட்டு மாடு என்று சொல்ல வேண்டுமானால் அதன் உடம்பில் அழியாத அடையாளம் ஒன்று இருந்தாக வேண்டும். இதை மட்டும் மனதில் வையுங்கள்.

மாட்டுக்கு அந்த அடையாளம் வந்துவிட்டது. காதில் மஞ்சள் நிறக் காதுவில்லை, அதில் 12 இலக்க எண். 2019இல் கோமாரி நோய்க்கும் கன்றுவீச்சு நோய்க்கும் எதிராகத் தேசிய அளவில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, வில்லை போட்ட மாட்டுக்கே ஊசி, ஊசி போட்ட விவரம் அந்த எண்ணின்கீழ் பதிவு என்று வைத்தார்கள். இன்று அந்த எண்கள் ‘பாரத் பசுதன்’ என்ற தேசியப் பதிவேட்டில் இருக்கின்றன. அந்த வில்லையை யார் போட்டார்? பெரும்பாலும் டாக்டர் போடவில்லை. கால்நடை ஆய்வாளர் போட்டார், தடுப்பூசி போட வந்த பயிற்சி பெற்ற இளைஞர் போட்டார், மைத்ரி என்ற பெயரில் செயற்கைக் கருவூட்டல் செய்யப் பழகிய உள்ளூர் ஆள் போட்டார். காதின் நடுவே நரம்பு ஓடாத இடம் பார்த்துப் போடுவதற்கு அவர்கள் பழகியிருந்தார்கள். இது மருத்துவத் தொழிலை அபகரிப்பது என்று எந்த மருத்துவரும் வழக்குப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. டாக்டர்கள் மட்டுமே போட வேண்டும் என்று வைத்திருந்தால் பாதி மாடு இன்னும் வில்லை இல்லாமல்தான் மேய்ந்துகொண்டிருக்கும்.

நாயிடம் வரும்போது இந்தத் தெளிவு நமக்கு இல்லை.

சிப் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதைச் சுற்றிப் பல தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன. உடம்பு ஒதுக்கித் தள்ளாத கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு சிறு சுருளும் ஒரு சில்லும். 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன், ஒரு நீளமான அரிசி அளவு. பேட்டரி கிடையாது. நாய் எங்கே போகிறது என்று அது காட்டாது. தோலின் மேல் ஸ்கேனரைக் கொண்டுபோனால், ஸ்கேனரின் அலையிலிருந்தே சக்தி வாங்கிக்கொண்டு 15 இலக்க எண் ஒன்றைத் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நாயின் பெயரோ உங்கள் முகவரியோ அதற்குள் இல்லை. எண்ணின் அமைப்பை ஐ.எஸ்.ஓ. 11784 என்ற தரமும், 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் படிக்கும் முறையை 11785 என்ற தரமும் வரையறுக்கின்றன. முதல் மூன்று இலக்கம் நாட்டையோ, தயாரித்த நிறுவனத்தையோ குறிக்கும்.

வைக்கும் முறையும் சொல்வதற்குச் சுலபம். இரண்டு தோள்பட்டைக்கு நடுவே தோலை விரலால் தூக்கிப் பிடித்து, அந்த மடிப்புக்குள் ஊசியைச் சாய்வாகச் செலுத்தி அழுத்தினால் தோலுக்கடியில் சிப் தங்கிவிடும். தடுப்பூசியும் அதே தோலுக்கடியில்தான் போகிறது. ஆனால் ஊசியின் பருமன் வேறு. நாம் வழக்கமாகத் தடுப்பூசிக்கு எடுக்கும் மெல்லிய ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 12 மில்லிமீட்டர் சிப்புக்குரிய ஊசி இரண்டு மில்லிமீட்டரைவிடப் பருத்தது. வளர்ந்த ராஜபாளையம் நாய் சிணுங்கிவிட்டு மறந்துவிடும். ஒரு கிலோகூட இல்லாத பூனைக்குட்டி திமிறும். திமிறுகிற குட்டியை வலுவில் பிடித்துக்கொண்டு பழக்கமில்லாத ஒருவர் நேர்க்குத்தாக அழுத்தினால் எங்கே போகும்? முதுகெலும்புக்குள் சிப் புகுந்து, தண்டுவடம் நசுங்கி, கால் விழுந்துபோன குட்டிகளைப் பற்றிக் கால்நடை மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் வந்திருக்கின்றன. மிக மிக அரிது. அரிதென்பதால் இல்லையென்று ஆகிவிடாது. தவறாக வைத்த சிப், ஊசித் துவாரத்தின் வழியாகவே வெளியே விழுந்துவிடுவது இதைவிட அடிக்கடி நடக்கும். உடனே ஸ்கேன் செய்து பார்க்காதவருக்கு அது தெரியவே தெரியாது. எண் காகிதத்தில் இருக்கும், சிப் குப்பையில் இருக்கும்.

ஆகவே இது யார் வேண்டுமானாலும் செய்துவிடக்கூடிய வேலை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே சமயம், பதிவு பெற்ற மருத்துவர் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்கிற என் சக மருத்துவர்களோடும் நான் உடன்படவில்லை. இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. நானும் மருத்துவர் பதிவேட்டில் பெயர் உள்ளவன்.

சட்டம் என்ன சொல்கிறது? 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 30ஆம் பிரிவு. பதிவு பெற்ற மருத்துவரைத் தவிர வேறு யாரும் கால்நடை மருத்துவத் தொழில் செய்யக் கூடாது என்பது விதி. அதே பிரிவில் ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறார்கள். கால்நடைப் பராமரிப்புத் துறையோ கால்நடை மருத்துவ நிறுவனமோ தந்த பட்டயம் அல்லது சான்றிதழ் உடைய மேற்பார்வையாளர், உதவியாளர் போன்றவர்கள், ஒரு பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையிலும் வழிகாட்டுதலிலும், சிறு மருத்துவச் சேவைகளைச் செய்யலாம் என்று மாநில அரசு ஆணையிடலாம். சிறு சேவை எவையென்றும் விளக்கம் இருக்கிறது. தடுப்பூசி போடுவது, காயடிப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது. இவை தவிர மாநில அரசு அரசிதழில் அறிவிக்கும் பிற.

அந்தப் பட்டியலில் மைக்ரோசிப் இல்லை. 1984இல் இருந்திருக்கவும் முடியாது. ஆனால் காயடிப்பது இருக்கிறது. ஒரு காளையின் விந்துநாளத்தை நசுக்குகிற வேலையை மேற்பார்வையில் ஓர் உதவியாளர் செய்யலாம் என்று ஏற்றுக்கொண்ட சட்டம், தோலுக்கடியில் ஒரு குப்பியை வைப்பதை ஏற்காது என்று வாதிட என்னால் முடியவில்லை. சட்டத்தைத் திருத்தக்கூட வேண்டியதில்லை. கர்நாடக அரசு ஒரு அறிவிப்பு, தமிழ்நாடு அரசு ஒரு அறிவிப்பு. அரசிதழில் ஒரு பத்தி போதும்.

மேற்பார்வை என்ற சொல்லை இங்கே விட்டுவிடக் கூடாது. பட்டயமும் சான்றிதழும் பெற்றவர்கள் தங்களுக்குத் தனியாகத் தொழில் செய்யும் உரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். உதய் சிங் தாகர் வழக்கில் 2007இல் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நான் கேட்பதும் தனி உரிமை இல்லை. வேலையை ஆய்வாளர் செய்யலாம்; பொறுப்பு மருத்துவர் பெயரில் இருக்க வேண்டும்; ஏதாவது கோளாறானால் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும்.

வெளியே என்ன செய்கிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் 6 முதல் நாய்களுக்குச் சிப் கட்டாயம், 2024 ஜூன் 10 முதல் பூனைகளுக்கும். அங்கே மருத்துவரும் கால்நடைச் செவிலியரும் வைக்கலாம். அரசு ஒப்புக்கொண்ட பயிற்சியை முடித்துத் தேறிய சாதாரண ஆளும் வைக்கலாம். ஆனால் சிப் இடம் நகர்ந்தாலோ, படிக்க முடியாமல் போனாலோ, விலங்குக்குத் தீங்கு நேர்ந்தாலோ அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பழுதைச் சொல்லக் கட்டாயப்படுத்துகிற ஏற்பாடு இருந்தால், யார் கை பழகாத கை என்பது தானே வெளிப்பட்டுவிடும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமோ இது மருத்துவச் செயல், மருத்துவரே செய்ய வேண்டும் அல்லது அவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்கிறது. நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரில் நாய் வளர்க்க உரிமமும் சிப்பும் வேண்டும். 2024 செப்டம்பர் முதல் பூனைக்கும் அதே முறை வந்திருக்கிறது.

நம் பக்கம் சென்னை முதலில் இறங்கியிருக்கிறது. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் பிறகுதான் வளர்ப்பு நாய் உரிமத்தைப் பற்றி ஊரே பேசத் தொடங்கியது. 2025 இறுதியில் உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாதவருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்தது. மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் சிப்பும் வெறிநோய்த் தடுப்பூசியும் இலவசம். நாய்களைத் தூக்கிக்கொண்டு மக்கள் வரிசையில் நின்றார்கள். கெடுவை ஒன்றுக்கு மேற்பட்ட முறை நீட்டிக்க வேண்டியதாயிற்று. பெங்களூரிலும் 2024இல் தெருநாய்களுக்குச் சிப் வைத்துப் பார்க்கும் முன்னோட்டம் நடந்தது. இன்று மாநகராட்சி செய்வதை நாளை நகராட்சி செய்யச் சொல்வார்கள். அந்த உத்தரவு கொள்ளேகாலுக்கும் ஹனூருக்கும் வரும்போது, மருத்துவர் மட்டுமே வைக்கலாம் என்றிருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கிருந்து மாதேஸ்வர மலைக்குச் சுமார் 80 கிலோமீட்டர். வழியிலுள்ள கிராமங்களில் ஒரு மாடு கன்று ஈன முடியாமல் கிடந்தால்கூட டாக்டர் வந்து சேர நேரமாகிறது. அவர் பட்டி நாய்க்குச் சிப் வைக்கத் தனியாக வரப்போவதில்லை. உரிமம் பெற முடியாதவர்களாக மலைக்காரர்கள் நிற்பார்கள். அல்லது யாரோ ஒருவர் கடையில் சிப் வாங்கிக்கொண்டு வந்து காசுக்குக் குத்திவிட்டுப் போவார். இரண்டாவது நடக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இதுவரை கையைப் பற்றிப் பேசினேன். எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று.

சிப் வைப்பவர் மருத்துவ வேலை ஒன்றை மட்டும் செய்யவில்லை. அவர் சாட்சி சொல்கிறார். இந்த நாய், இந்த எண், இந்த உரிமையாளர், இந்தத் தேதி என்ற நான்கையும் ஒன்றாகக் கட்டிக் கையெழுத்திடுகிறார். பின்னால் வருகிற எல்லாமே அந்தக் கையெழுத்தின் மேல்தான் நிற்கின்றன. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழில் சிப் எண்ணைக் குறிக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு நாயைக் கொண்டுபோவதானால் முதலில் சிப், அதற்குப் பிறகே தடுப்பூசி. வரிசை மாறினால் அந்தத் தடுப்பூசி கணக்கிலேயே சேராது. ஊசி போட்ட நாய் இந்த நாய்தானா என்பதற்கு வேறு சாட்சி இல்லை என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. ஒரு நாய் குழந்தையைக் கடித்து வழக்கு வந்தால், அது என் நாயே இல்லை என்று வளர்த்தவர் கைவிரிக்கும்போது பேசப்போவதும் அதே சாட்சிதான்.

அப்படியானால் யார் சாட்சியாக இருக்கக் கூடாது? விற்கிறவர் இருக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி, குட்டிகளை விற்பதற்காக நாய் வளர்ப்போர் தம் நாய்களுக்குச் சிப் வைத்து எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். வம்சாவளிப் பதிவுக்குக் கெனல் கிளப் ஆஃப் இந்தியாவும் சிப் எண் கேட்கிறது. நல்ல ஏற்பாடுகள். ஆனால் அந்தச் சிப்பை வளர்ப்பவரே தன் கொட்டகையில் வைத்து, தானே எண்ணை எழுதி, தானே சான்று தந்தால் அது எதை நிரூபிக்கும்? பரிசு பெற்ற தாயின் குட்டி என்று வேறொரு தாயின் குட்டியை விற்கலாம். செத்த குட்டியின் காகிதத்தை உயிருள்ள குட்டிக்குக் கொடுக்கலாம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாதென்று விதி இருக்க, பிறந்த தேதியை முன்னால் தள்ளி எழுதலாம். என் பணிக்காலத்தில் காகிதத்தில் ஓர் எண்ணும் உடம்பில் வேறோர் எண்ணுமாக வந்த குட்டியைப் பார்த்திருக்கிறேன். வாங்கியவர் ஏமாந்தது பணத்தில் மட்டும் இல்லை. அந்தக் குட்டிக்கு எந்த ஊசி போட்டிருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாமல் போயிற்று.

வளர்ப்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி நாயினங்களை அழியவிடாமல் காத்தவர்களில் அவர்களும் உண்டு. ஊசி பிடிக்கும் கையும் அவர்களில் சிலருக்கு எங்களைவிட நன்றாகவே வரும். ஆனாலும் பத்திரப் பதிவில் நிலத்தை விற்கிறவரே பதிவாளராக உட்காருவதில்லை. வளர்ப்பவர் குட்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். குத்துவதும் கையெழுத்திடுவதும் அந்தக் குட்டியின் விலையில் பங்கில்லாத ஒருவராக இருக்கட்டும்.

இதே அளவுகோலை மருத்துவர்களுக்கும் வைக்கிறேன். தானே குட்டி விற்கிற மருத்துவர், தான் விற்கும் குட்டிக்குத் தானே சிப் வைக்கக் கூடாது. பட்டம் சாட்சிக்கு ஈடாகாது.

எனவே நான் கேட்கும் தகுதி இரண்டு. கைப்பழக்கம் ஒன்று, ஆதாயம் இல்லாமை மற்றொன்று. கால்நடை ஆய்வாளர் இரண்டிலும் தேறுவார். பயிற்சியென்று நான் சொல்வது ஒரு நாள் முகாமில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போவது ஆகாது. முதலில் நாயின் உடம்பு முழுவதும் ஸ்கேன் செய்து ஏற்கெனவே சிப் இருக்கிறதா என்று பார்க்கப் பழக வேண்டும். திருட்டு நாய் அங்கேதான் பிடிபடும். உறையில் ஒட்டியிருக்கும் எண்ணும் சிப் சொல்லும் எண்ணும் ஒன்றுதானா என்று குத்துவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும். வைத்த பின் மறுபடி ஸ்கேன். பிறகு உரிமையாளர் கண்முன்னே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். சின்னப் பூனைக்குட்டியையும் நோஞ்சான் குட்டியையும் தொடாமல் மருத்துவரிடம் அனுப்பத் தெரிய வேண்டும். மருத்துவர் பார்க்க, பல நாய்களுக்கு வைத்துக் காட்டிய பிறகே தனியாக அனுப்ப வேண்டும்.

என் சக மருத்துவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். இன்று சிப், நாளை கருத்தடை அறுவை என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போவதா? அந்த அச்சம் வெறும் வருமான அச்சம் இல்லை என்று எனக்குத் தெரியும். போலி வைத்தியத்தால் செத்த மாடுகளைப் பார்த்தவர்கள் அவர்கள். என் பதில் இதுதான்: அறுவையில் நோயைக் கண்டறிய வேண்டியிருக்கிறது, மயக்க மருந்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. சிப் வைப்பதில் தீர்மானிக்க வேண்டியது, இந்தக் குட்டிக்கு இன்று வைக்கலாமா வேண்டாமா என்பது ஒன்றே. சந்தேகம் வந்தால் வேண்டாமென்று திருப்பி அனுப்பப் பயிற்சி பெற்ற ஆய்வாளரால் முடியும். தடுப்பூசி போடும்போது இதே தீர்மானத்தைத்தான் அவர் தினமும் எடுக்கிறார்.

இன்னொன்று. யார் வைப்பது என்று நாம் இவ்வளவு பேசுகிறோம், யார் படிப்பது என்று பேசுவதே இல்லை. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிண்டா லார்டும் அவருடன் ஆராய்ந்தவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 53 காப்பகங்களுக்கு வந்து சேர்ந்த, சிப் உள்ள விலங்குகளைப் பார்த்தார்கள். வழிதவறி வந்த நாய்களில் பொதுவாக 22 விழுக்காடு வீடு திரும்பிய இடத்தில், சிப் உள்ள நாய்களில் 52 விழுக்காடு திரும்பின. மீதிப் பாதி ஏன் திரும்பவில்லை? உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பதிவில் இருந்த தொலைபேசி எண் தவறானது அல்லது துண்டிக்கப்பட்டது. சிப் சரியாக இருந்தது, வைத்த கையும் சரியாக இருந்தது, எண்ணுக்குப் பின்னால் ஆள் இல்லை.

நம்மிடம் இது இன்னும் மோசமாகும். சென்னையில் வைத்த சிப்பின் விவரம் சென்னை மாநகராட்சியிடம் இருக்கிறது. அந்த நாயோடு ஒரு குடும்பம் மாதேஸ்வரரைக் கும்பிட வந்து, மலைக்குப் போகும் வழியிலுள்ள தாளபெட்டாவில் நாய் தவறிப்போனால், இங்கே ஸ்கேன் செய்பவருக்கு 15 இலக்கம் கிடைக்கும். யாரைக் கேட்பது? மாட்டுக்கு மாநில எல்லை தாண்டிய பதிவேடு ஒன்று இருக்கும்போது, நகராட்சிகள் தனித்தனியாக எழுதும் நாய்ப் பதிவுகளும் அதனோடு இணைய வேண்டும். நாய்கள் மூலம் பரவும் வெறிநோயை 2030க்குள் ஒழிக்க வேண்டுமென்று இந்திய அரசு 2021இல் செயல்திட்டம் வெளியிட்டது. எந்த நாய்க்கு ஊசி போட்டோம் என்பதை எல்லையின் இரு பக்கமும் படிக்க முடியாவிட்டால், பாலாற்றுக்கு அந்தப் பக்கம் போட்ட ஊசியை இந்தப் பக்கம் கணக்கில் எடுக்கவே முடியாது.

இரு மாநிலக் கால்நடைத் துறைகளுக்கும் இந்த அவையின் பெயரால் ஒரு வேண்டுகோள் அனுப்பப் பொறுப்பாளர்கள் இசைந்திருக்கிறார்கள். 30ஆம் பிரிவின்கீழ் மைக்ரோசிப் வைப்பதைச் சிறு சேவையாக அறிவியுங்கள். பயிற்சி பெற்ற ஆய்வாளர்களை மருத்துவரின் மேற்பார்வையில் அனுமதியுங்கள். விற்பவர் தாம் விற்கும் விலங்குக்குத் தாமே வைப்பதைத் தடுங்கள். பழுதுகளைத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குங்கள் என்பதே அதன் சாரம். பதில் வர நாளாகும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கொள்ளேகால் கால்நடை மருத்துவமனைக்கும் ஹனூருக்கும் மலைமேல் இருக்கும் மருந்தகத்துக்கும் தலா ஒரு ஸ்கேனரை நன்கொடையாளர்கள் வாங்கித் தரலாம். வெறிநோய்த் தடுப்பூசி முகாமுக்கு வருகிற ஒவ்வொரு நாயையும் ஒருமுறை ஸ்கேன் செய்து, எண் இருந்தால் அட்டையில் எழுதி, உரிமையாளரின் தொலைபேசி எண் இன்னும் அதேதானா என்று கேட்டுக்கொள்ளலாம். அதற்கு எந்த அரசிதழ் அறிவிப்பும் தேவையில்லை.